கடையில் கிடைக்காதது

"எங்க அப்பா அம்மாகிட்ட எல்லாமே இருக்குங்க. என்ன வாங்கறதுன்னே தெரியல."

டிசம்பர் பிறந்துவிட்டால் இந்த வசனத்தைக் கேட்காமல் சின்னவளுக்கு ஒரு நாள்கூடக் கழியாது. ஆண்டு முழுவதும் திரைச்சீலைப் பிரிவில் துணி அளந்து வெட்டிக்கொண்டிருப்பவளைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் இரண்டாம் மாடிக்கு, எஸ்கலேட்டர் முடிகிற இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். பரிசுப் பொட்டலம் கட்டுகிற மேசை. ஒரு பக்கம் உருளை உருளையாகப் பளபளப்புக் காகிதம், இன்னொரு பக்கம் ரிப்பன், நடுவில் பல் போன டேப் ஸ்டாண்ட். சாமானை வாங்கி, விலை ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளி எடுத்து, காகிதம் சுற்றிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் வருகிறவர்கள் அவளைப் பாவமன்னிப்புக் கொடுக்கிற பாதிரியார் என்று நினைத்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்து மனதைக் கொட்டிவிடுவார்கள். அப்பாவுக்குப் போன வருஷம் வாங்கிக் கொடுத்த கால் பிடித்துவிடும் இயந்திரம் கட்டிலுக்கு அடியில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. அம்மா எதைக் கொடுத்தாலும் "எதுக்குடா இதெல்லாம்" என்று சொல்லிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். இந்தத் தடவை இந்த மெழுகுவத்தி ஸ்டாண்ட் எப்படி, நன்றாக இருக்கிறதா?

"ரொம்ப நல்லாருக்குங்க," என்பாள் சின்னவள். ஸ்டிக்கரைக் கிள்ளியபடியே. பொய்தான். ஆனால் வரிசையில் இன்னும் பதினைந்து பேர் நிற்கும்போது உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

ஊருக்கெல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்தவளுக்குச் சொந்த வீட்டுக் கதைதான் தீராத தலைவலி. அவளுடைய அப்பா அம்மாவிடமும் எல்லாமே இருந்தது. கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கிற அண்ணன், வீட்டில் அவனைப் பெரியவன் என்பார்கள், வருஷாவருஷம் ஏதாவது ஒரு பெரிய சாமானைக் கூரியரில் அனுப்பிக் கூடத்தை நிரப்பிவிட்டான். துணி தோய்க்க ஒன்று, காய வைக்க ஒன்று, தரை கூட்டத் தானே ஓடுகிற வட்டமாக ஒன்று. மிச்சமிருந்த சில்லறைச் சாமானையெல்லாம் அப்பாவே வாங்கிவிடுவார். பஸ் டிப்போவில் உதிரிபாகங்கள் ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். கடைசிக்கு முந்தின போல்ட் ஷெல்ஃபை விட்டுப் போகும்போதே அடுத்த பெட்டிக்கு ஆர்டர் போட்டுப் பழகியவர். வீட்டில் யாராவது வாய் தவறி "வடிகட்டி கொஞ்சம் தளர்ந்துபோச்சு" என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் புது வடிகட்டி கொக்கியில் தொங்கும். அதனால் பிள்ளைகள் இரண்டு பேரும் சிறு வயதிலிருந்தே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நவம்பர் பிறந்துவிட்டால் யாரும் அப்பாவின் காதுபட எந்தக் குறையையும் சொல்லக் கூடாது. நைசாக வீட்டைச் சுற்றி வந்து, எது ஓட்டை, எது உடைசல் என்று கண்ணால் பார்த்துக்கொண்டு போய் ரகசியமாக வாங்க வேண்டும். வளர்ந்த பிறகும் அந்த உளவு வேலை நின்றபாடில்லை. இப்போது பெரியவன் ஊரில் இல்லாததால் முழுப் பொறுப்பும் சின்னவள் தலையில்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அம்மாவுக்கு எதை வாங்கிக் கொடுத்தாலும் அப்பா அதைக் கையில் எடுத்து, கவிழ்த்து, அடிப்பக்கம் பார்த்து, ஒரே கேள்விதான் கேட்பார்: "எங்க வாங்கின?" முன்பெல்லாம் இப்படி இல்லை. இரண்டு வருஷமாகத்தான் இந்தப் புது வியாதி. போன கிறிஸ்துமஸுக்குச் சின்னவள் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு கைப்பை தேடிப் பிடித்தாள். மூன்று அறை, உள்ளே கண்ணாடிக்குத் தனி உறை. அம்மா அதைத் தோளில் மாட்டி நிலைக்கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கையில் அப்பா ஸ்டோர் கவுண்டரில் நிற்கிறவர் போல விசாரித்தார். எந்தக் கடை, எந்த மாடி, இன்னும் ஸ்டாக் இருக்கிறதா. "ஏம்பா, பிடிக்கலையா, மாத்தணுமா?" என்று கேட்டாள் சின்னவள். அவர் ஜன்னலைப் பார்த்தார். அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அவள் அழுதாள். நாற்பது வயதில், பக்கத்து சீட்டில் அந்நிய மனிதர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்க, ஒரு கைப்பைக்காக அழுவது கேவலம்தான். என்ன செய்வது, வந்துவிட்டது.

இந்த வருஷமும் டிசம்பர் முதல் ஞாயிறு உளவு பார்க்கப் போனாள். அம்மா வாசலிலேயே கட்டிப் பிடித்துக்கொண்டாள். "வா சின்னு, இளைச்சுட்டியே," என்றாள். போன வாரமும் இதையேதான் சொன்னாள். எல்லா அம்மாக்களும் சொல்வதுதானே என்று சின்னவள் செருப்பைக் கழற்றினாள். வீட்டில் வழக்கம்போல ஒரு ஓட்டை உடைசல் இல்லை. சமையலறையில் கத்தரிக்கோல், பாட்டில் திறப்பான், டார்ச், எல்லாம் அதனதன் ஆணியில். பின்பக்கத்துப் பால்கனியில் சரக் சரக்கென்று ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். அப்பா ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு புத்தம் புது நீலப் பிளாஸ்கின் அடியைச் சிமென்ட் தரையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

அப்பா திடுக்கிட்டுப் பிளாஸ்கை மடியில் வைத்து மறைத்தார். "புதுசு வழுக்குது. மேசையில நிக்க மாட்டேங்குது."

சிரிப்புதான் வந்தது அவளுக்கு. அவருடைய அறையில் இரும்பு அலமாரி பாதி திறந்து கிடந்ததையும் அன்றுதான் பார்த்தாள். உள்ளே ஒரே மாதிரி குடைகள், ஒரே மாதிரி பர்ஸுகள், அம்மா போடுகிற மாதிரியே மூக்குக்கண்ணாடி வரிசையாக. அப்பா பின்னாலேயே வந்து அலமாரியைச் சாத்திச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தாள்.

"அப்பா டிப்போவ வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டாரு. எது கேட்டாலும் ஸ்பேர் இருக்கு."

"அதான் சொல்றேன், அவங்களுக்கு எதுவும் வாங்காத. ஒரு கிப்ட் கார்டு போட்டு விடு, வேணுங்கறத வாங்கிக்கட்டும்," என்றான் பெரியவன். அவனுக்கு அங்கே விடிந்திருந்தது. அவசரமாகப் பல் தேய்த்துக்கொண்டே பேசினான்.

கிப்ட் கார்டு என்ற வார்த்தையில் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்று வளர்த்தவர்களுக்கு ஒரு அட்டையா? அந்தக் கோபத்தில்தான் யோசனையும் வந்தது. எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்றைக் கொடுக்க வேண்டும். எங்க வாங்கின என்று அப்பா வாயைத் திறக்கவே முடியாத ஒன்று.

அவள் கல்யாணமாகித் தனி வீடு போனபோது அம்மா ஒரு டிரங்குப் பெட்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். பழைய கம்பளிச் சட்டைகள். பெரியவன் முதல் வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போன பச்சை ஸ்வெட்டர், சின்னவளின் சிவப்புச் சட்டை, டிப்போவில் அப்பா குளிருக்குப் போட்ட சாம்பல் நிறக் கோட்டுச் சட்டை, பெரியவனைச் சுமந்திருந்த மாதங்களில் அம்மா போட்டிருந்த தொளதொள மஞ்சள். எல்லாம் அம்மாவே பின்னியவை. சின்னவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்த நூல் சுருள்சுருளாக, நூடுல்ஸ் மாதிரி கிடந்தது. அதை நாற்காலி முதுகில் சுற்றி, நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டு நேராக்கினாள். அறுந்த இடங்களை முடிச்சுப் போட்டாள். வேலை முடிந்து வந்து சாப்பிட்ட கையோடு ஊசியை எடுத்தால் நூலைத் தவிர எதுவும் ஞாபகம் இருக்காது. பச்சை, சிவப்பு, சாம்பல், மஞ்சள் என்று பட்டை பட்டையாக ஒரு சால்வை வளர்ந்தது. கடைசி வரிசை முடிந்தபோது ஒரு முழ நூல்கூட மிச்சமில்லை. சரியாகத்தான் அமைந்திருக்கிறது என்று அன்றைக்கு அவள் பூரித்துப்போனாள்.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வந்து மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பெரியவன் அனுப்பிய பெட்டி ஒரு ஓரத்தில் பிரிக்கப்படாமல் நின்றது. அம்மா சின்னவளின் பொட்டலத்தைக் காகிதம் கிழியாமல் டேப்பை மெல்ல உரித்துப் பிரித்தாள். சால்வையை மடியில் விரித்ததும் அவள் முகம் மாறிப்போனது. விரல் பச்சைப் பட்டையில் போய் நின்றது.

"இது பெரியவனோடது. முதல் நாள் ஸ்கூல் வாசல்ல என் கைய விடவே மாட்டேன்னு இந்தக் கைப்பக்கத்தக் கடிச்சு இழுத்தான். நூல் வெளிய வந்துடுச்சு." விரல் நகர்ந்தது. "இது நீ. பள்ளத்துல விழுந்து சேத்தோட வந்தியே, துவைச்சுத் துவைச்சு வெளுத்துப்போச்சு. இது உங்க அப்பா. கிரீஸ் வாசனை போகவே இல்ல பாரு." மஞ்சளுக்கு வந்ததும் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

வாழ்நாளில் ஒரு தடவையாவது சரியான பரிசைக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தபடி சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. சால்வையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். வழக்கம்போல அடிப்பக்கம் பார்க்கிறாரே என்று அவள் எரிச்சலடைவதற்குள், அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"இந்த மாதிரி இன்னொண்ணு போட முடியுமா?"

"எப்படிப்பா முடியும்? இருந்த நூலெல்லாம் இதுல போயிடுச்சு. இது ஒண்ணுதான்."

"ஒண்ணுதானா," என்றார் அவர். அதற்குப் பிறகு கேக் வெட்டியபோதும் சாப்பிட்டபோதும் அவர் கண் அந்தச் சால்வையைவிட்டு நகரவில்லை. அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். அவ்வளவு கெட்டிக்காரி.

ஜனவரியில் பொட்டலம் கட்டுகிற மேசை மாற்றித் தருகிற மேசையாகிவிடும். போன மாதம் காகிதம் சுற்றிக் கொடுத்த அதே சாமான்கள் அதே ஆட்கள் கையில் திரும்பி வரும். அவற்றை வாங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் வரிசையில் அப்பா நின்றார். கையில் எதுவும் இல்லை. தன் முறை வரும்வரை வரிசையிலேயே நின்று வந்து, மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"சால்வை போச்சு கண்ணு," என்றார்.

பக்கத்துப் பெண்ணிடம் மேசையை ஒப்படைத்துவிட்டு அவரைச் சரக்கு லிப்டுக்குப் பின்னால் அழைத்துப்போனாள். காலி அட்டைப் பெட்டிமேல் உட்காரவைத்தாள். அவர் பூங்காவில் தேடினாராம், பஸ் டிப்போவில் தேடினாராம், சர்ச்சில், மருந்துக் கடையில், குப்பைத் தொட்டிகளில்கூட. அம்மா நடைக்குப் போகும்போது போர்த்திக்கொண்டு போனாள், வரும்போது இல்லை. கேட்டால் எதைக் கேட்கிறீர்கள் என்கிறாள். ஆனால் சாயங்காலமானால் மட்டும் என் சால்வை எங்கே என்று தேடுகிறாள்.

"சலவைக்குப் போட்டிருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். எத்தனை நாள்தான் சலவை நடக்கும்?"

சின்னவள் எதுவும் புரியாமல் அவரைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. குடைகள், பர்ஸுகள், மூக்குக்கண்ணாடிகள், தரையில் வைத்துத் தேய்த்த பிளாஸ்க். எங்க வாங்கின, இன்னும் ஸ்டாக் இருக்கா.

"எவ்வளவு நாளாப்பா?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டாம இருப்பேனா? என்னவோ பேரெல்லாம் சொன்னாங்க. மாத்திரை குடுத்தாங்க. இது நிக்காது, மெதுவாப் போகும், அவ்வளவுதான்னுட்டாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

அப்பா சட்டை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவளை வெச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து அழுதா பாரு, அப்படி ஒரு அழுகைய நான் பார்த்ததே இல்ல. என்னைப் பிடிச்சுக்கிட்டு, உங்களயும் மறந்துடுவேனா, பிள்ளைங்களயும் மறந்துடுவேனான்னு. மறுநாள் எந்திரிச்சா, எதுவுமே ஞாபகம் இல்ல. காப்பி போடவான்னு கேட்டா. அப்புறம் நான் எப்படி மறுபடி சொல்லுவேன்? ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது முதல் தடவை இல்லையா?"

லிப்ட் இறங்குகிற சத்தம் கேட்டது. யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அப்பா தொடர்ந்தார். ஒரு சாமான் காணாமல்போனால்தான் அம்மாவுக்குச் சந்தேகம் வருகிறது. எங்கே வைத்தேன், எங்கே வைத்தேன் என்று தேடத் தொடங்கினால் மூஞ்சி வெளுத்துப்போகிறது, எனக்கு என்னமோ ஆயிடுச்சுங்க என்கிறாள். அதனால் எதுவும் காணாமல்போகக் கூடாது. பை போனால் அதே பை ஆணியில் தொங்க வேண்டும், பளபளப்பு இல்லாமல், பழசாக. அதை அவர் பார்த்துக்கொண்டார். எதுவும் தொலையாத வீட்டில் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை, ஸ்டோர் வேலைதான். இந்த ஒரு சாமானுக்கு மட்டும் ஸ்பேர் இல்லாமல்போய்விட்டது.

"என்கிட்ட ஏம்பா சொல்லல?"

"சொன்னா நீ அவளைப் பாக்கற பார்வை மாறிடும். அவ கண்டுபிடிச்சிடுவா."

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்ததால் சண்டை போட முடியவில்லை. எல்லாம் இருக்கிறது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த வீட்டில், இல்லாமல்போய்க்கொண்டிருந்த ஒன்றை மறைக்கத்தான் அவ்வளவு சாமானும் நிறைந்திருந்தது. அந்த வீட்டுக்குள் பெருமையோடு கொண்டுபோய் இன்னொன்று கிடைக்காத பொருளை வைத்துவிட்டு வந்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் அப்பா எழுந்து, வழக்கமாகக் கடைக்காரரிடம் கேட்கிற குரலில் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

அவள் விடுப்புப் போட்டாள். நிறம் தேடி நூல்கடை எல்லாம் அலைந்தாள். பச்சை கிடைத்தது, ஆனால் கண்ணைப் பறிக்கிற பச்சை. வாளியில் ஊறவைத்து, சோடா போட்டுத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு வெளுக்கவைத்தாள். அப்பா டிப்போவின் பழைய நண்பர் ஒருவரிடம் போய்க் கிரீஸ் ஒரு டப்பா வாங்கி வந்து கொடுத்தார். சாம்பல் நூலில் துளி தடவிச் சோப்புப் போட்டாள். நன்றாக இருந்த நூலை வேண்டுமென்றே அறுத்து முடிச்சுப் போட்டாள். பின்னிக்கொண்டே இருந்ததில் ஆள்காட்டி விரலில் ஊசி அழுத்தி ஒரு பள்ளம் விழுந்து தோல் உரிந்தது. ஒரு சமயம் நிமிர்ந்து பார்த்தபோது, புதுசைத் தேய்த்துப் பழசாக்குகிற அப்பாவின் முக்காலியில் தானும் உட்கார்ந்துவிட்டது அவளுக்கு உறைத்தது. அழுகை வரவில்லை. பட்டை எத்தனை வரிசை என்று ஞாபகப்படுத்திக்கொள்வதில் கவனம் போய்விட்டது.

சால்வை முடிந்த அன்று சாயங்காலம் அப்பா கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு பேரும் அதை விரித்து முன்னும் பின்னும் பார்த்தார்கள். "அச்சு அசல்," என்றார் அப்பா. முகம் தெளிந்திருந்தது. சலவைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

"இந்தா, உன் சால்வை வந்துடுச்சு."

அம்மா குழந்தை மாதிரி கை நீட்டி வாங்கினாள். தோளில் போர்த்திக்கொண்டாள். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஓரத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். விரல்கள் பட்டைமேல் ஊர்ந்து பச்சையில் வந்து நின்றன. திரும்பிப் போயின. மறுபடி வந்தன.

"இது அது இல்ல," என்றாள் அம்மா.

"அதேதான்," என்றார் அப்பா. "சலவைல போட்டா கொஞ்சம் அப்படி இப்படி ஆகும்."

"இல்லங்க. இதுல பெரியவன் இல்ல." குரலில் கோபம் இல்லை. தண்ணீர் சூடாக இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "நீயும் இல்ல சின்னு. யாருமே இல்ல இதுல."

நேற்று நடந்ததைத் தொலைத்துவிடுகிற அம்மாவுக்கு, பெரியவனின் ஸ்வெட்டர் நூல் விரலில் இருந்தது. அந்தக் காலத்து ஞாபகங்கள் அவளிடம் கல் மாதிரி உட்கார்ந்திருந்தன. அங்கே அப்பாவின் ஸ்டோர் செல்லுபடியாகாது. இது சின்னவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"சின்னு, நீ சொல்லு. இது நீ போட்டதுதானா?"

அப்பா அம்மாவின் தலைக்குப் பின்னாலிருந்து சின்னவளைப் பார்த்தார். அவ்வளவு கெஞ்சலை ஒரு முகம் தாங்காது.

"அதேதாம்மா," என்றாள் சின்னவள்.

அம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். உரிந்த விரலைப் பார்த்தாள். பின்னல் தெரிந்தவளுக்கு அந்தப் பள்ளத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. "இது இந்த வாரத்துப் புண்ணு," என்றாள். கையை மெதுவாக விட்டாள். "அப்ப என்னோடது எங்க? நான் தொலைச்சுட்டேனா?"

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய், மேசையில் வைக்கும்போதெல்லாம் அடி சரசரக்கிற நீலப் பிளாஸ்கை எடுத்து வந்து கவிழ்த்துப் பார்த்தாள். வட்டமாக, ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. புழங்கித் தேய்ந்தால் அப்படித் தேயாது.

"இதைத் தேய்ச்சது யாரு?"

"நான்தான்," என்றார் அப்பா.

"எனக்கு என்னங்க ஆச்சு?"

அவர் சொன்னார். உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், சலவைப் பையைக் கையில் பிடித்தபடியே, டாக்டர் சொன்ன பெயரோடு சொன்னார். சின்னவள் அவர் அப்படித் திக்கித் திணறிப் பார்த்ததில்லை. அம்மா அழுவாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. அதைப் பார்ப்பதற்கு அழுதிருக்கலாம். நாளைக்கு மறந்துவிடுவாள் என்ற நினைப்பு சின்னவளின் மனதில் ஆறுதல் மாதிரி ஓடி வந்தது. வந்த வேகத்திலேயே அவளை அருவருக்கவைத்தது. இதற்குப் போய் ஆறுதல் என்று பெயரா?

அம்மா ஆணியில் தொங்கிய கைப்பையிடம் போனாள். அதைத் தொட்டாள்.

"இது?"

அப்பா சின்னவளைப் பார்க்கவில்லை. "மாத்தினது," என்றார்.

"குடை?"

"மாத்தினது. மூணாவது."

"இந்தக் கடிகாரம்?"

"ஒரிஜினல்."

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று மெக்கானிக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் அவர் குரல் ஒரு படி இறங்கிக்கொண்டே போனது. அம்மா கூடத்தைச் சுற்றி வந்தாள். கத்தரிக்கோல், டார்ச், மூக்குக்கண்ணாடி. தன் மூக்கிலிருந்ததையே கழற்றி நீட்டிக் கேட்டாள். மாத்தினது. ஜன்னல் கம்பி, ஒரிஜினல். அவள் பின்னி உறை போட்ட தலையணை, ஒரிஜினல். தன் வீட்டில் தான் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறவள்போல ஒன்றையும் விடாமல் தொட்டாள். கண்ணாடியில்லாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் வந்து நின்று, அவர் தோளில் கை வைத்தாள்.

"இது?"

அப்பா சலவைப் பையைக் கீழே வைத்தார்.

"ஒரிஜினல்," என்றார்.

அம்மா தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. போலிச் சால்வை ஒரு பக்கம் தோளிலிருந்து நழுவித் தரையில் புரண்டது. அப்பாவின் தோளிலிருந்து எடுத்த கை, வெளிச்சம் குறைந்துவிட்ட அந்தக் கூடத்தில், காற்றைத் தடவியபடி சின்னவளின் முகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.